நிய்யத்து ஒப்பிப்பதற்கா? சேலம் மக்தப் உஸ்தாதுமார்களுக்கும் ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு திறந்த மடல்

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.

சேலம் மாநகரிலும் ஓமலூர், ஆத்தூர், சங்ககிரி, ஏற்காடு பக்கங்களிலும் பிள்ளைகளுக்கான மார்க்கப் பள்ளியான மக்தப் நடத்திவரும் உஸ்தாதுமார்களுக்கும், இமாம் ஹஜ்ரத்மார்களுக்கும், முத்தவல்லிகளுக்கும், ஜமாஅத் நிர்வாகிகளுக்கும்,

தொழுகைப் பாடத்தில் நிய்யத்துக்கு, அதாவது என்ன தொழுகிறோம் என்ற உள்ளத்தின் நாட்டத்துக்கு, நாம் கொடுத்திருக்கும் இடம் பற்றியது இந்த மடல். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறோம். பிள்ளைகளுக்கு நாம் நிய்யத்தைக் கற்றுத்தரவில்லை, நிய்யத்தின் வாசகத்தைத்தான் கற்றுத்தருகிறோம். முன்னது இல்லாமல் தொழுகை இல்லை. பின்னது இல்லாமல் தொழுகை தாராளமாக உண்டு.

மக்தப் தேர்வில் ‘லுஹருடைய ஃபர்ளுக்கு (மதியக் கடமைத் தொழுகைக்கு) நிய்யத்து சொல்லு’ என்று கேட்டால் பையன் ‘உஸல்லி ஃபர்ளள் லுஹ்ரி அர்பஅ ரக்ஆத்தின்’ என்று ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுகிறான். உருது பேசும் வீட்டுப் பிள்ளை ‘நிய்யத் கர்தா ஹூன் மைன்’ என்று தொடங்குகிறான். தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளை ‘கிப்லாவை (கஅபாவின் திசையை) முன்னோக்கி, அல்லாஹ்வுக்காக’ என்று முடிக்கிறான். மூன்று பேருக்கும் முழு மார்க். மறுநாள் சுப்ஹில் (அதிகாலைத் தொழுகையில்) அதே பையன் ஸலாம் கொடுத்து முடித்ததும், ‘இப்ப தொழுதியே, அது சுன்னத்தா (நபிவழியா), ஃபர்ளா?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘ரெண்டு ரக்அத்து (தொழுகையின் ஒரு சுற்று ஒரு ரக்அத்)’ என்பான். அந்தப் பதிலில்தான் பாடத்தின் ஓட்டை தெரிகிறது.

சுப்ஹை எடுத்துக்கொண்டோம், காரணம் இருக்கிறது. அதில் முன் சுன்னத்து 2, ஃபர்ளு 2. ஹனஃபி மத்ஹபில் (சட்ட மரபில்) தனியாகத் தொழுகிறவருக்கு நிற்பது, குனிவது, நெற்றி வைப்பது, அத்தஹிய்யாத்து, ஸலாம் எல்லாமே இரண்டிலும் ஒன்றுதான். பக்கத்தில் நின்று முழுக்கப் பார்த்தவராலும் எது எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. பிரிப்பது நிய்யத்து மட்டுமே. மாம்பழ சீசனில் லாரி புக்கிங் ஆபீஸில் ஒரே அளவில் இரண்டு கூடை கிடக்கும். ஒன்று சென்னைக்கு, ஒன்று பெங்களூருக்கு. உள்ளே இருப்பதும் ஒரே மல்கோவாதான். கட்டிவிட்ட அட்டைதான் எது எங்கே போகும் என்று முடிவு செய்கிறது. அட்டை இல்லாத கூடையை எந்தக் கணக்கிலும் ஏற்ற மாட்டார்கள்.

உமர் (ரலி) அறிவிக்கும் ‘செயல்கள் நிய்யத்துகளைக் கொண்டே’ என்ற ஹதீஸை எல்லா மக்தப்பிலும் மனனம் செய்யவைக்கிறோம். ஸஹீஹுல் புகாரியின் முதல் ஹதீஸே அதுதான். ஆனால் அதை இக்லாஸ் (தூய எண்ணம்) பற்றிய பாடமாக மட்டும் நடத்திவிட்டு நகர்ந்துவிடுகிறோம். நிய்யத்துக்கு இரண்டு வேலை. ஒன்று, யாருக்காகச் செய்கிறோம் என்பது. மற்றொன்று, எதைச் செய்கிறோம் என்பது: வணக்கத்தை வழக்கத்திலிருந்தும், ஒரு வணக்கத்தை இன்னொரு வணக்கத்திலிருந்தும் பிரிப்பது. முதலாவதை ஜும்ஆ பயானில் கேட்டுக்கொள்ளலாம். இரண்டாவதை மக்தப்பில் கற்காதவர் அறுபது வயதிலும் கற்பதில்லை.

நிய்யத்து இருக்கிறதா இல்லையா என்று சோதிக்க ஹனஃபி ஃபிக்ஹில் (மார்க்கச் சட்டத்தில்) ஒரு அளவுகோல் உண்டு. ‘என்ன தொழப் போகிறாய்?’ என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் பட்டென்று பதில் வர வேண்டும். வந்தால் நிய்யத்து இருக்கிறது என்று பொருள். பஸ் ஸ்டாண்டில் ஏற்காடு பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவரிடம் கண்டக்டர் வந்து ‘எங்க?’ என்றால் ‘ஏற்காடு ஒண்ணு’ என்கிறார். வீட்டில் செருப்பு மாட்டும்போதே ‘நான் இப்போது அடிவாரம் வழியாக 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காடு போக நாடுகிறேன்’ என்று அவர் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனாலும் அவர் போவது ஏற்காட்டுக்குத்தான், ஆத்தூருக்கு அல்ல. கண்டக்டர் கேட்டதும் ஒருவர் திருதிருவென்று விழித்தால் அவருக்கு நிய்யத்து இல்லை. எத்தனை வாசகம் மனப்பாடமாகத் தெரிந்திருந்தாலும் இல்லைதான்.

இந்த இடத்தில் வழக்கமான சச்சரவு ஒன்று தலைதூக்கும். வாயால் சொல்வது பித்அத் (மார்க்கத்தில் புதிதாகப் புகுத்தியது) என்று ஒரு தரப்பு, சொன்னால்தான் நிறைவு என்று ஒரு தரப்பு. இதற்காகவே பள்ளி மாறித் தொழுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தச் சண்டையை வளர்க்க இந்த மடலை எழுதவில்லை. இரு தரப்பும் ஒத்துக்கொள்வதை மட்டும் வைக்கிறோம். நிய்யத்தின் இடம் உள்ளம். நபி (ஸல்) அவர்கள் தொழுகையைத் தக்பீரைக் (‘அல்லாஹு அக்பர்’) கொண்டு தொடங்குவார்கள் என்பது ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பு, அதற்கு முன் ஒரு வாசகம் மொழிந்ததாக அறிவிப்பு இல்லை. இன்னொரு சட்ட மரபான ஷாஃபிஈ மத்ஹபிலும் பிற்கால ஹனஃபி அறிஞர்களிடத்திலும் வாயால் சொல்வதை நல்லது என்றவர்கள், நாக்கு உள்ளத்துக்குத் துணை நிற்கும் என்பதற்காகவே அப்படிச் சொன்னார்கள். நாக்கு உள்ளத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளலாம் என்று அவர்கள் யாரும் சொல்லவில்லை. நாக்கு தவறி லுஹரை ‘அஸர்’ என்று சொல்லிவிட்டார், உள்ளத்தில் லுஹர்தான் இருந்தது என்றால் தொழுகை லுஹராகவே கூடும். உள்ளத்தில் ஒன்றும் இல்லாமல் வாய் மட்டும் சரியாக ஒப்பித்திருந்தால் அது தொழுகையே இல்லை. ஆக, சொல்கிறவர் சொல்லட்டும். எதைச் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே எங்கள் கோரிக்கை.

வாசகம் நீள நீளத் தப்பு நுழையும் வாசலும் கூடுகிறது. இதைப் பலரும் கவனிப்பதில்லை. ரக்அத் எண்ணிக்கையை நிய்யத்தில் கொண்டுவர வேண்டிய கட்டாயம் ஹனஃபியிலும் இல்லை, ஷாஃபிஈயிலும் இல்லை. லுஹர் என்றாலே 4 அதற்குள் அடக்கம். ஒருவர் எண்ணிக்கையையும் சேர்த்து, லுஹர் ஃபர்ளை 3 ரக்அத் என்று தவறாக நாடிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஹனஃபியில் அது பாதிக்காது. ஷாஃபிஈயில் அந்தத் தொழுகை கூடாது. சும்மா விட்டிருந்தால் சரியாக இருந்திருக்கும். இமாமின் பெயரும் அப்படித்தான். ‘இந்த இமாமைப் பின்பற்றுகிறேன்’ என்பது போதும். இன்ன ஹஜ்ரத்துக்குப் பின்னால் என்று ஆளைக் குறித்து நாடி, அன்றைக்கு அவர் லீவில் போய் வேறொருவர் நின்றிருந்தால், இந்த இமாமை என்ற எண்ணமும் கூடவே இல்லாதபோது பின்பற்றல் செல்லாது. ஜனாஸாவிலும் (இறந்தவருக்கான தொழுகையிலும்) இதே கதை. மய்யித்து (இறந்தவர்) ஆணா பெண்ணா என்று தெரியாமல் பின்வரிசையில் வந்து நின்றவர் ஊகித்து ‘ஆண் மய்யித்து’ என்று கட்டிவிட்டு, அது பெண்ணாக இருந்தால் சிக்கல். ‘இமாம் எந்த மய்யித்துக்குத் தொழவைக்கிறாரோ அதற்கு’ என்று நாடுவதே ஃபிக்ஹ் நூல்கள் காட்டும் வழி. ஜனாஸாவின் 4 தக்பீருக்கு முன் ஆணா பெண்ணா என்று ஒரு வரி அறிவித்தால் பாதிக் குழப்பம் தீரும். ஜனாஸா தொழுகையைச் சரிவரக் கற்காதவர்கள்தான் ஜனாஸாவுக்கு அதிகம் வருகிறார்கள் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

அப்படியானால் எது கட்டாயம்? ஹனஃபியில் ஃபர்ளுக்கு எந்த ஃபர்ளு என்று குறிப்பாக நாட வேண்டும்: லுஹரா, அஸரா என்று. இஷாவுக்குப் பின் தொழும் வித்ருக்கும் பெருநாள் தொழுகைகளுக்கும் குறிப்பு வேண்டும். சுன்னத்து, நஃபில் (விருப்பத் தொழுகை), தராவீஹ் (ரமளான் இரவுத் தொழுகை) ஆகியவற்றுக்கு ‘தொழுகிறேன்’ என்ற பொது எண்ணமே போதும், குறித்து நாடுவது சிறப்பு. ஷாஃபிஈயில் ஃபர்ளுக்கு மூன்று வேண்டும்: தொழுவதாக நாடுவது, இன்ன தொழுகை என்று குறிப்பது, ஃபர்ளு என்று உணர்வது. நேரத்தோடு சேர்ந்த சுன்னத்துக்கு முதல் இரண்டும் வேண்டும், வெறும் நஃபிலுக்கு முதலாவது போதும். பின்பற்றித் தொழுகிறவர் இரண்டு மத்ஹபிலும் பின்பற்றுவதாக நாட வேண்டும். பிள்ளைக்கு இதை மூன்று கேள்வியாகச் சுருக்கிவிடலாம். என்ன தொழுகை? ஃபர்ளா, சுன்னத்தா? தனியாகவா, இமாமுக்குப் பின்னாலா? மூன்றுக்கும் ஒற்றைச் சொல்லில் பதில் உள்ளத்தில் இருந்தால் தக்பீர் கட்டலாம்.

எப்போது என்பதில் மத்ஹபுகள் பிரிகின்றன. ஹனஃபியில் நிய்யத்து ஷர்த்து, அதாவது தொழுகைக்கு முன்நிபந்தனை. தக்பீருக்குக் கொஞ்சம் முந்தியும் இருக்கலாம், இடையில் சாப்பாடு, பேச்சு என்று தொழுகைக்குச் சம்பந்தமில்லாதது நுழையாமல் இருந்தால் போதும். அஸருக்கென்று வீட்டில் உளூ (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவும் சுத்தம்) செய்து நேராக நடந்து வந்து வரிசையில் நின்றவருக்கு நிய்யத்து வழியெல்லாம் கூடவே வந்திருக்கிறது. தக்பீருக்குப் பிறகு வந்தால் செல்லாது. ஷாஃபிஈயில் நிய்யத்து ருக்னு, அதாவது தொழுகையின் ஓர் உறுப்பு, தக்பீரோடு சேர்ந்தே இருக்க வேண்டும். இந்தச் ‘சேர்ந்தே’ என்ற சொல்லை வைத்துக்கொண்டுதான் பலர் தங்களையே வதைத்துக்கொள்கிறார்கள். வழக்கத்தில் ‘மனத்தில் இருக்கிறது’ என்று சொல்லும் அளவே போதும் என்றுதான் இமாம் நவவி அவர்கள் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அலிஃபிலிருந்து ரா வரை எழுத்துக்கு எழுத்து பிடித்துக்கொண்டு நிற்கத் தேவையில்லை.

இனி கடைசி வரிசைக்கு வாருங்கள். மஃரிப் நேரம். லீ பஜாரிலிருந்தோ கொலுசுப் பட்டறையிலிருந்தோ ஓடி வந்தவர், முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வரிசையில் சேர்கிறார். இமாம் ருகூவில் (குனிந்த நிலையில்) இருக்கிறார். இவர் உதடு ‘மஃரிபுடைய ஃபர்ளு மூணு ரக்அத்தை...’ என்று ஆரம்பிக்கிறது. ‘சுப்ஹான ரப்பியல் அளீம்’ மூன்று தடவை சொல்ல ஐந்தாறு வினாடி ஆகும். வாசகத்தை முடிக்க அதைவிட நேரம் பிடிக்கும். ‘கிப்லாவை முன்னோக்கி’ வரும்போது ‘ஸமிஅல்லாஹு லிமன் ஹமிதா’ கேட்டுவிடுகிறது, இமாம் நிமிர்ந்துவிட்டார். ரக்அத் போயிற்று. அதைப் பிடிக்கும் அவசரத்தில், குனிந்துகொண்டே ‘அல்லாஹு அக்பர்’ சொல்லிவிட்டால் அதைவிட மோசம். தொழுகையைத் தொடங்கும் தக்பீரான தக்பீர் தஹ்ரீமா நின்ற நிலையில் சொல்லப்பட வேண்டும். ருகூவுக்கு நெருக்கமான குனிவில் சொன்னது தக்பீராகவே கூடாது. அவர் ஒரு ரக்அத்தை மிச்சப்படுத்தப் போய் மொத்தத் தொழுகையையும் இழந்துவிட்டார், அதுவும் தனக்குத் தெரியாமல்.

சரியான முறை சிறியது. வரிசையில் நில்லுங்கள். நிமிர்ந்து, ஒரு நொடி நிலைகொள்ளுங்கள். கையை உயர்த்தி, நின்றபடியே ‘அல்லாஹு அக்பர்’ சொல்லி முடியுங்கள். பிறகு இன்னொரு தக்பீர் சொல்லி ருகூவுக்குப் போங்கள். நேரமில்லை என்றால் முதலாவது மட்டும் போதும், ஆனால் அது தொழுகையைத் தொடங்கும் தக்பீராக இருக்க வேண்டும். ஷாஃபிஈயில் ஒரே தக்பீரைத் தஹ்ரீமாவுக்கும் ருகூவுக்கும் சேர்த்து நாடினால் கூடாது. ஹனஃபியில் நின்ற நிலையில் ருகூவுக்கென்று நாடிச் சொல்லியிருந்தாலும் அது தஹ்ரீமாவாகவே கணக்கில் வரும். இமாம் தலையை உயர்த்துமுன் ருகூவில் சேர்ந்துவிட்டால் ரக்அத் கிடைத்தது. ஷாஃபிஈயில் அவர் எழுமுன் இவர் உடல் ருகூவில் ஒருகணம் அசைவற்று நிலைத்திருக்கவும் வேண்டும்.

தக்பீரின் உச்சரிப்பிலும் இரண்டு இடத்தில் விரல் வைத்துக் காட்டுங்கள். முதல் அலிஃபை நீட்டி ‘ஆல்லாஹு’ என்றால் அது கேள்வி ஆகிவிடும். ‘அக்பார்’ என்று நீட்டினால் பொருளே மாறும். ஒலிபெருக்கி இமாம்களின் இழுவையைக் கேட்டுக் கேட்டுப் பிள்ளைகளும் அப்படியே இழுக்கிறார்கள். இமாமுடைய தக்பீர் முடியுமுன் பின்னால் நிற்பவர் முடித்துவிட்டாலும் சேராது. இழுவை நீளமாக இருக்கும் பள்ளிகளில் இது எளிதில் நேரும்.

வஸ்வாஸ் (ஓயாத சந்தேகம்) பிடித்தவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கை தூக்கி ‘அல்லாஹு அக்பர்’, இறக்கிவிட்டு மறுபடியும் ‘அல்லாஹு அக்பர்’, தலையை உதறிவிட்டு மூன்றாவது முறை. இமாம் ஃபாத்திஹாவைப் பாதி ஓதிவிட்டார். பக்கத்தில் நிற்பவரின் கவனமும் சிதறிவிட்டது. ‘திரும்பத் திரும்பச் சொன்னால் நல்லதுதானே, ஒன்றாவது சரியாக இருக்கும்’ என்பது இவர்களின் கணக்கு. ஷாஃபிஈ ஃபிக்ஹில் இந்தக் கணக்கு நேர் தலைகீழ். ஒவ்வொரு முறையும் தொழுகையைத் தொடங்குவதாகவே நாடித் தக்பீர் சொன்னால், ஒற்றைப்படையில் நுழைகிறார், இரட்டைப்படையில் வெளியேறுகிறார். முதல் தக்பீரில் உள்ளே, இரண்டாவதில் வெளியே, மூன்றாவதில் மறுபடி உள்ளே. நான்கோடு நிறுத்தியவர் தொழுகைக்கு வெளியே நின்றுகொண்டுதான் மிச்சத்தையெல்லாம் ஓதுகிறார். இதை ஒருமுறை விளக்கினாலே பாதிப் பேருக்குக் கை தானாக நிற்கும். மீதிப் பேருக்கு ஒரே மருந்து: வாசகத்தை அடியோடு நிறுத்தச் சொல்லுங்கள். வாசகம் சரியாக வந்ததா என்ற சந்தேகம்தான் அந்த நோய்க்குத் தீனி. ‘இங்கே எதுக்கு வந்தீங்க?’ என்று கேளுங்கள். ‘இஷா தொழ’ என்பார். முடிந்தது, நிய்யத்து அதுதான்.

தோளைத் தட்டிச் சேரும் பழக்கம் அடுத்தது. ஜமாஅத் முடிந்தபின் வருகிறவர், ஓரமாகத் தொழுதுகொண்டிருப்பவரின் தோளைத் தட்டிவிட்டுப் பக்கத்தில் கை கட்டுகிறார். முன்னவர் தொழுவது என்ன என்று கேட்க வழியில்லை. அவர் பின் சுன்னத்து தொழுதுகொண்டிருந்தால், ஹனஃபியில் சுன்னத்து தொழுகிறவருக்குப் பின்னால் ஃபர்ளு கூடாது. விடுபட்ட ரக்அத்தை எழுந்து நிறைவேற்றும் மஸ்பூக்காக இருந்தாலும் ஹனஃபியில் அவரைப் பின்பற்றக் கூடாது. இருவரும் ஒரே ஃபர்ளாக இருந்தால் கூடும், முன்னவர் இமாமத்தை நாடியிருக்க வேண்டியதில்லை. ஷாஃபிஈ சட்டம் இதில் விசாலம்: சுன்னத்துக்குப் பின்னால் ஃபர்ளும், ஒரு ஃபர்ளுக்குப் பின்னால் வேறு ஃபர்ளும் கூடும். ஆகவே அஸர் தவறிய ஷாஃபிஈ ஒருவர் மஃரிப் ஜமாஅத்தில் அஸரை நாடிச் சேரலாம். ஹனஃபியாக இருந்தால் முடியாது, விடுபட்டவை ஆறுக்குக் குறைவாக உள்ளவர் அஸரைத் தனியே தொழுதுவிட்டுத்தான் மஃரிபுக்கு வர வேண்டும். கீழக்கரை, காயல்பட்டினம், நாகூர்ப் பக்கத்திலிருந்து சேலத்துக்கு வந்து தங்கிய குடும்பத்துப் பிள்ளைகள் உங்கள் மக்தப்பில் இருந்தால், ‘எங்க வாப்பா வேற மாதிரி செய்வாங்க’ என்று சொல்லும் பிள்ளையை அதட்டாதீர்கள். இரண்டையும் சொல்லிக்கொடுங்கள்.

ஜும்ஆவில் அத்தஹிய்யாத்தின்போது (இறுதி அமர்வின்போது) வந்து சேர்கிறவரும் ஜும்ஆ என்றே நாட வேண்டும். இமாம் அபூ ஹனீஃபாவின் சொற்படி அவர் எழுந்து 2 ரக்அத்தை ஜும்ஆவாகவே முடிப்பார். ஷாஃபிஈயில் இரண்டாம் ரக்அத்தின் ருகூவு தவறிவிட்டவர் ஜும்ஆ என்று நாடித்தான் சேர்வார், ஆனால் எழுந்து லுஹராக 4 தொழுவார். நாடியது ஒன்று, தொழுவது ஒன்று என்று வரும் அபூர்வமான இடம் இது.

பயணத் தொழுகைதான் நம் மாவட்டத்தில் அதிகம் குழம்பிக் கிடப்பது. ஏற்காட்டுக்காகவே இதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறோம். சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கி.மீ. மலை ஏறினாலும், குளிர் அடித்தாலும், காட்டேஜில் இரண்டு நாள் தங்கினாலும் சேலத்துக்காரர் அங்கே முஸாஃபிர் (சட்டப்படி பயணி) ஆக மாட்டார். ஹனஃபியில் 48 மைல், அதாவது 77 கி.மீ. சொச்சம் என்பதே நம் பக்கத்தில் பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. ஷாஃபிஈயில் 80க்குச் சற்று மேல். சேலத்துக்காரருக்கு ஈரோடும் நாமக்கல்லும் அந்த எல்லைக்குள்தான். கோயம்புத்தூர், சென்னை, பெங்களூர் எல்லையைத் தாண்டியவை. ‘டூர் போறேன்’ என்ற எண்ணம் தூரத்தை உண்டாக்காது. அதேபோல் தூரம் இருந்தும், அதைக் கடக்கும் எண்ணமில்லாமல் ஊர் ஊராக அலைகிறவருக்குக் கஸ்ர் (4 ரக்அத்தை 2 ஆகச் சுருக்குவது) இல்லை. இரண்டும் சேர வேண்டும்.

சென்னையிலிருந்து ஏற்காடு வந்து 3 நாள் தங்குகிறவர் முஸாஃபிர். ஹனஃபியாக இருந்தால் தனியாகத் தொழும் லுஹர், அஸர், இஷா ஃபர்ளுகளை 2 தொழுவார், கஸ்ர் என்று தனியே நாடத் தேவையில்லை. உள்ளூர் இமாமுக்குப் பின்னால் நின்றால் 4. இவரையே இமாமாக நிறுத்தினால் 2இல் ஸலாம் கொடுத்துவிடுவார், உள்ளூர்க்காரர்கள் எழுந்து மீதியை முடிக்க வேண்டும், அதை அவர் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். ஷாஃபிஈயாக இருந்தால் கஸ்ரைத் தக்பீரின்போதே நாட வேண்டும். நாட மறந்தால் 4 முழுமையாகத் தொழ வேண்டியதுதான்.

எத்தனை நாள் தங்க நாடுகிறார் என்பதும் நிய்யத்துதான். ஒரே ஊரில் 15 நாளோ அதற்கு மேலோ தங்க நாடினால் ஹனஃபியில் முகீம் (பயணி அல்ல, தங்கியவர்). ஷாஃபிஈயில் வந்த நாளும் புறப்படும் நாளும் போக 4 நாள். காப்பித் தோட்ட வேலையாக வெளியூரிலிருந்து வந்து ‘நாளைக்கு முடிஞ்சிடும், நாளன்னைக்குப் போயிடலாம்’ என்று நாள் தள்ளிக்கொண்டே போகிற ஹனஃபி, மாதக்கணக்கில் இருந்துவிட்டாலும் முஸாஃபிர்தான். 15 நாள் என்று அவர் ஒருபோதும் நாடவில்லையே. 40 நாள் அழைப்புப் பணி ஜமாஅத்தில் தொலைவிலிருந்து வருகிற சாத்திகளின் (தோழர்களின்) கேள்வியும் இதில் அடங்கும். சேலம் நகருக்குள்ளேயே கோட்டை, குகை, அம்மாபேட்டை என்று பள்ளி மாறி மாறி 15 நாள் தங்குவதாக நாடியிருந்தால் முகீம். நகரம் ஒன்று, பள்ளிகள்தான் வேறு. அதே 15 நாளைச் சேலத்தில் கொஞ்சம், ஓமலூரில் கொஞ்சம், ஏற்காட்டில் கொஞ்சம் என்று பிரித்து நாடியிருந்தால் முஸாஃபிர். வந்த நாளிலேயே அமீர் (குழுத் தலைவர்) சாஹிப் ரூட்டை முடிவு செய்து சொல்லிவிட்டால் எத்தனை ரக்அத் என்று தடுமாற வேண்டியிராது.

உளூவில் நிய்யத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஏற்காட்டின் கிளியூர் அருவியில் குளித்துவிட்டு வருகிறவருக்குத் தனியே உளூ வேண்டுமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஹனஃபியில் முகம், முழங்கை வரை கை, தலையில் கால்வாசி, கரண்டை வரை கால் எல்லாவற்றிலும் தண்ணீர் பட்டுவிட்டதால், நாடாவிட்டாலும் உளூ கூடிவிட்டது. நிய்யத்து அங்கே சுன்னத்து, அது இல்லாததால் நன்மைதான் குறையும். ஷாஃபிஈயில் நிய்யத்து ஃபர்ளு. அதுவும் முகத்தைக் கழுவத் தொடங்கும்போது இருக்க வேண்டும். குளித்தது குளித்ததுதான், உளூ இல்லை. தயம்மும் (தண்ணீருக்குப் பதில் மண்ணால் சுத்தம்) என்றால் ஹனஃபியிலும் நிய்யத்து கட்டாயம். மண் தானாகச் சுத்தம் செய்வதில்லை.

‘கிப்லாவை முன்னோக்கி’ என்ற சொல்லையும் ஒருமுறை யோசித்துப் பாருங்கள். கிப்லாவை நோக்குவது உடலின் வேலை. அதை நாவில் சொல்வது ஷர்த்து இல்லை. சேலத்திலிருந்து கிப்லா நேர் மேற்கு அல்ல, மேற்கிலிருந்து வடக்காக ஏறத்தாழ 20 பாகை சாய்ந்திருக்கிறது. காட்டேஜில் ஏரி தெரியும் பக்கம் முஸல்லாவை (தொழுகை விரிப்பை) விரித்து நின்றுகொண்டு அந்த வாசகத்தைத் திருத்தமாக ஓதுவதால் கால் திரும்பிவிடாது.

எங்கள் கோரிக்கைகள் மூன்று நான்குதான். தேர்வில் அரபு நிய்யத்து வாசகத்துக்குக் கொடுக்கும் மார்க்கைப் பாதியாகக் குறைத்து, மீதியைச் சூழ்நிலைக் கேள்விகளுக்குக் கொடுங்கள்: ‘இமாம் ருகூவில் இருக்கிறார், என்ன செய்வாய்?’ ‘சுன்னத்து தொழுகிறவர் தோளைத் தட்டிச் சேரலாமா?’ ‘உன் மீதுள்ள சுப்ஹு கழாக்கள் (தவறவிட்டவை) பத்து. எப்படி நாடுவாய்?’ (என் மீதுள்ள சுப்ஹுகளில் முதலாவது என்று நாட வேண்டும். அடுத்ததற்கும் அதே நிய்யத்து, ஏனென்றால் முதலாவது கழிந்ததும் இரண்டாவது முதலாவதாகிவிடுகிறது. பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடிக்கும்.) வாரத்தில் ஒருநாள் சுப்ஹு முடிந்ததும் வரிசையிலேயே உட்காரவைத்து, என்ன தொழுகை, ஃபர்ளா சுன்னத்தா, தனியாகவா இமாமுக்குப் பின்னாலா என்ற மூன்று கேள்விகளையும் கேளுங்கள், ஐந்து நிமிடம் போதும். தராவீஹுக்குப் பின் ‘நவைத்து ஸவ்ம கதின்’ (நாளைய நோன்பை நாடுகிறேன்) சொல்லிக்கொடுக்கும் பள்ளிகளில், ஸஹருக்கு (அதிகாலை உணவுக்கு) நோன்பு வைக்கவென்று எழுந்ததே நிய்யத்துதான் என்ற ஒரு வரியையும் சேர்த்துச் சொல்லுங்கள். அன்றிரவு அந்த வாசகத்தைச் சொல்லத் தவறியவர்கள் நோன்பே போயிற்று என்று பதறி வந்து நிற்கும் நிலை வேண்டாம்.

நிர்வாகிகள் செய்ய வேண்டியது, கடைசி வரிசைச் சுவரில், செருப்பு ராக்குக்கு அருகே, கண்ணில் படும் உயரத்தில் ஒரு பலகை. தமிழிலும் உருதுவிலும் இருக்கட்டும். ‘இமாம் ருகூவில் இருந்தால்: ஓடாதீர்கள். நிமிர்ந்து நின்று அல்லாஹு அக்பர் சொல்லி முடியுங்கள். பிறகு குனியுங்கள்.’ அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம், நீளமாக எழுதினால் அதையும் நின்று படிப்பார்கள். ஏற்காட்டுப் பள்ளியில் கூடுதலாக இன்னொரு பலகை: ‘இமாம் உள்ளூர்க்காரர். அவருக்குப் பின்னால் லுஹர், அஸர், இஷாவில் எல்லோருக்கும் 4 ரக்அத்.’

சூழ்நிலைக் கேள்விகள் முப்பதை விடைகளோடு, ஹனஃபி ஒரு பத்தி, ஷாஃபிஈ ஒரு பத்தியாக எழுதி வைத்திருக்கிறோம். கேட்கும் மக்தப்புகளுக்குப் படியெடுத்துத் தருகிறோம். பிழை கண்டால் உஸ்தாதுமார்கள் திருத்தித் தாருங்கள்.

வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
சேலத்தில் தொழுகைப் பாடம் நடத்திவரும் சிலர்